கழுவெளியில் ஒரு பச்சைப் புள்ளி

கல்யாண வீட்டில் கேமரா தூக்குகிற உங்களுக்கு நான் புதிதாகச் சொல்லித்தர ஒன்றும் இல்லை. உங்கள் கேமராவில் இருக்கும் பாதி பட்டன் எதற்கென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ட்ரோன் பறந்தால் எனக்குக் கழுத்துதான் வலிக்கிறது. எந்த லென்ஸ், எவ்வளவு வெளிச்சம் என்பதெல்லாம் உங்கள் கைப்பேசியே சொல்லிவிடும். அது சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. சுற்றியிருக்கிற எல்லாரும் ஓடும்போது நாமும் ஓடுவதா, நிற்பதா என்பது. நம் போட்டோகிராஃபர் சங்கக் கூட்டத்தில் உங்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். அன்றைக்கு பிரியாணி ஆறிக்கொண்டிருந்ததால் பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

முதலில் நான் ஓடிய கதையைச் சொல்லிவிடுகிறேன், சின்னதுதான். விழுப்புரத்தில் ஒரு மண்டபம். ஆரத்தித் தட்டிலிருந்த கற்பூரம் மேடைச் சீலையில் பட்டு, ஓர் ஓரம் பற்றிக்கொண்டது. எல்லாரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். என் கால் ஒயரில் மாட்டி, லைட் ஸ்டாண்டு சரிந்து, மாப்பிள்ளையின் சித்தப்பா மண்டையில் விழுந்தது. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த ஒருவர் ஒரு குடம் தண்ணீரில் தீயை அணைத்துவிட்டார். சித்தப்பாவுக்கு மூன்று தையல். அதற்குப் பிறகு பல வருடம் அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்கும் என்னைக் கூப்பிடவில்லை, அது நியாயம்தான்.

திண்டிவனத்தில் எனக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, கல்யாணம் என்று முப்பது வருடம் போல ஓடிய வேலை. பெண்பிள்ளை படம் எடுத்தால் வீட்டுப் பெண்கள் சங்கடப்படாமல் நிற்பார்கள் என்பதால் விழுப்புரம் வரைக்கும் கூப்பிடுவார்கள். என்னோடு கடைசி வரை வேலை பார்த்தவன் ஏழுமலை. வீடியோ அவன் பொறுப்பு, லைட்டும் அவன் பொறுப்பு, வண்டி ஓட்டுவதும் அவன்தான். நாற்பது வயதைத் தாண்டியவன், மூன்று பிள்ளைகளுக்கு அப்பன், ஆனால் எதிலும் அவசரம். சாம்பார் வருவதற்குள் வெறும் சோற்றை முடித்துவிடுகிற ஜாதி. மனசு மட்டும் தங்கம்.

மேளச் சத்தத்தில் காதில் ஒன்றும் விழாது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் நானும் ஏழுமலையும் மண்டபத்தில் கையாலேயே பேசிக்கொள்வோம். நான் வலது கையைத் தூக்கினால் அவன் லைட்டை என் வலது பக்கம் நகர்த்த வேண்டும். அவன் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் என் வலதுதான் கணக்கு. உள்ளங்கையை முன்னால் தள்ளினால் இன்னும் தள்ளிப் போ. இரண்டு கையையும் தலைக்கு மேல் சேர்த்தால் நில். ஒருமுறை ஒரு பெண் வீட்டுப் பாட்டி, நான் அவனைக் கும்பிடுகிறேன் என்று நினைத்து, "அவ்ளோ பெரிய மனுசனா அவன்?" என்று கேட்டுவிட்டார்.

கடையை மூடுவதற்கு முந்தைய வருடம், வளவனூரில் இருந்து ஓர் அரிசி மில்காரர் வந்தார். வருடா வருடம் சித்திரைக்கு வாடிக்கையாளர்களுக்குக் காலண்டர் கொடுக்கிறவர்.

"இந்த வாட்டி சாமி படம் வேணாம்மா. வருசம் முடிஞ்சா கிழிச்சிப் போட எங்க வூட்டம்மாவுக்கு மனசு வர மாட்டேங்குது. பரண்ல முருகர் மட்டும் ஏழெட்டுப் பேரு கீறாரு. நாளைக்கு நான் செத்தா அவுங்களத்தான் பாகம் பிரிக்கணும்."

"அப்ப இன்னா போடறதுங்க?"

"மரம் போடுங்க. நம்ம பக்கத்து மரமா பாத்து பன்னெண்டு மரம். மரத்தக் கிழிச்சா யாரு கேக்கப் போறா?"

அப்படித்தான் நான் கல்யாணப் பெண்களை விட்டுவிட்டு மரங்களைப் படம் எடுக்கக் கிளம்பினேன். உண்மையைச் சொன்னால் அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மரம் கண்ணை மூடாது, மேக்கப் கலைந்துவிட்டது என்று எழுந்து போகாது, மாமியாரைப் பக்கத்தில் நிறுத்தாதே என்று காதில் கிசுகிசுக்காது. வல்லத்தில் ஒரு புளிய மரம் எடுத்தோம். திருவக்கரையில் கல்லாகிப்போன மரத்தைக்கூட எடுத்தோம். மில்காரர் அதைப் பார்த்துவிட்டு, "செத்த மரத்தப் போட்டா யாவாரம் ஆவுமாம்மா?" என்று ஒதுக்கிவிட்டார். கடைசியாக ஒரு பக்கம் மீதி இருந்தது. அதற்குத் தண்ணீரும் மரமும் சேர்ந்தாற்போல வேண்டும் என்றார். மரக்காணம் பக்கத்துச் சதுப்பு ஏரியான கழுவெளிக்குப் போகலாம் என்று முடிவு செய்தோம்.

மழைக்காலம் முடிந்த தை மாதம். கழுவெளியில் தண்ணீர் விரிந்து கிடந்தது. ஆழம் என்று பெரிதாக இல்லை, பல இடங்களில் முழங்கால் அளவுதான். ஆனால் அடியில் சேறு, மேலே கோரை. மரக்காணம் போகும் சாலையிலிருந்து பிரிகிற மண்பாதையில் ஏழுமலையின் ஆம்னி வேனை நிறுத்திவிட்டுக் கரைமேல் நடந்தோம். கரை அங்கே வலது பக்கமாக வளைந்து போகிறது. வளைவில் ஒற்றைப் பனை, அடியில் வேலிக்காத்தான் புதர். நேரெதிரே, தண்ணீருக்குள் வெகுதூரத்தில், தனியாக ஒரு கருவேலமரம். சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்ததால் அந்த மரத்தின் மேல் வெயில் மஞ்சளாகப் படிந்திருந்தது. இத்தனை வருடம் பட்டுப் புடவைக்கு லைட் அடித்தவள் நான், இப்படி ஒரு வெளிச்சத்தை என்னால் அடித்திருக்க முடியாது. கொஞ்ச நேரம் கேமராவை எடுக்கவே தோன்றவில்லை.

ட்ரைபாடை ஊன்றி, நீள லென்ஸைப் போட்டு, வலது ஓரத்தில் பனையும் இடது பக்கம் தள்ளிக் கருவேலமும் வருகிற மாதிரி வைத்து இறுக்கினேன். அதன் பிறகு கேமராவை அசைக்கவில்லை. வெளிச்சம் நிறம் மாற மாற, அதே இடத்தில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருந்தேன். நடுவில் ஒரு படத்தைப் பார்த்தபோது பனையை ஒட்டினாற்போலப் பச்சையாக ஒரு புள்ளி.

"இன்னாடா இது, அழகா வர்ற நேரத்துல?"

"பிளாஸ்டிக் கவருக்கா. முள்ளுல மாட்டிக்கினு கீது. கம்ப்யூட்டர்ல ஒரு வாட்டி தொடச்சா போயிடும், விடு."

அடுத்து எடுத்த படத்தில் புள்ளி இல்லை. காற்றில் பறந்துவிட்டது, வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். ஏழுமலை கொண்டுவந்திருந்த அவித்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான், உரித்துத் தின்றோம். ஒரு கொக்குக் கூட்டம் மரத்தைத் தேடி வந்துகொண்டிருந்தது. அது உட்கார்ந்ததும் கடைசிப் படத்தை எடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று காத்திருந்தேன்.

அப்போதுதான் கரைமேல் ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வந்தார். ஐம்பது வயது இருக்கும். மூச்சு வாங்கியது.

"யம்மா, எரும ஓட்டிக்கினு ஒரு ஆளு இந்தப் பக்கம் வந்தாரா, பாத்தீங்களா?"

"இல்லியேம்மா. நாங்க வந்ததுலேர்ந்து யாரையும் பாக்கல."

"எங்க வூட்டுக்காரரு. கோவிந்தன்னு பேரு. அவருக்கு வலிப்பு வரும்மா. மாத்திர தீந்துபோச்சி, நான் திண்டிவனம் போய் வாங்கியாறதுக்குள்ள எருமய ஓட்டிக்கினு வந்துட்டாரு. தண்ணியாண்ட தனியா போவாத, போவாதன்னு தலபாடா அடிச்சிக்கினேன்." அவர் கையில் மாத்திரைப் பொட்டலம் அப்படியே இருந்தது.

வலிப்பு வந்து விழுகிறவருக்கு முழங்கால் தண்ணீரே போதும்.  அது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

"இன்னா போட்டுக்கினு இருந்தாரு?" ஏழுமலைதான் கேட்டான்.

"காக்கி டவுசரு. தலையில பச்சத் துண்டு."

ஏழுமலை என்னைப் பார்த்தான்.  படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க அவன் கேமராவைத் தூக்கக் கை நீட்டினான். நான் அந்தக் கையை ஓங்கி ஓர் அடி அடித்தேன்.

"தொடாத! அசஞ்சா போச்சு!"

எதற்காக அடித்தேன் என்று அந்த நிமிடத்தில் என்னால் சொல்லியிருக்க முடியாது. பிறகு யோசித்துப் பார்த்துத்தான் எனக்கே விளங்கியது. அந்த வெட்டவெளியில் அந்த மனிதர் நின்ற இடத்துக்கு ஒரே சாட்சி அந்தக் கேமராதான். அது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறதோ, அந்தப் பக்கத்தில்தான் அவர் இருக்கிறார். தூக்கி மறுபடி வைத்தால் ஒரு விரல்கடை பிசகும். இங்கே ஒரு விரல்கடை என்றால் அங்கே ஒரு தெருவே தள்ளிப்போய்விடும்.

ட்ரைபாடிலேயே வைத்துப் படத்தைப் பெரிதாக்கினேன். பிளாஸ்டிக் கவர் இல்லை. ஒரு மனிதர், தலையில் பச்சைத் துண்டு, பக்கத்தில் கறுப்பாக ஓர் எருமை. அடுத்த படத்தைத் தள்ளினேன். எருமை இருக்கிறது, தலையைக் குனிந்திருக்கிறது. மனிதரைக் காணவில்லை. அதற்கடுத்த படத்திலும் காணவில்லை.

அந்தப் பெண் என் தோளுக்கு மேலாக எட்டி, அவர் இருந்த முதல் படத்தைப் பார்த்திருந்தார். "அதோ, பனமரத்தாண்ட நிக்கிறாரு பாரு! அவரு எப்பவும் அங்கதான் குந்துவாரு. பொதருக்கு அந்தாண்ட படுத்துக்கினு இருப்பாரு!" என்று சொல்லிக்கொண்டே கரைமேல் பனையைப் பார்த்து ஓடத் தொடங்கினார். ஏழுமலையும் செருப்பை உதறிவிட்டு அவர் பின்னால் ஓடினான்.

இங்கேதான் கொஞ்சம் நில்லுங்கள். படத்தைப் பார்க்கிற யாரும் அப்படித்தான் ஓடுவார்கள். அந்த மனிதர் பனைத் தண்டில் சாய்ந்து நிற்கிற மாதிரிதான் படத்தில் இருந்தது. ஆனால் நீள லென்ஸ் என்ன செய்யும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். சுருக்குப்பையின் கயிற்றை இழுத்த மாதிரி, கிட்டே இருப்பதையும் எட்ட இருப்பதையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாமா மணமகள் தோளில் கை போட்ட மாதிரி விழுந்த படங்களால் எத்தனை வீட்டில் சண்டை வந்திருக்கிறது என்று நான் கணக்கே வைக்கவில்லை.

மறுபடி பார்த்தேன். பனைத் தண்டின் அகலத்துக்குள் அந்த மாதிரி நாலைந்து கோவிந்தன்களை நிறுத்தலாம். பனையடியில் நிற்கிற ஆள் அவ்வளவு சிறியவராக இருக்க முடியாது. அவர் காலுக்கும் புதரின் தலைக்கும் நடுவில் நூல் மாதிரி ஒரு தண்ணீர்க் கோடு. அந்தக் கோட்டில் தலைகீழாக ஒரு பச்சைக் கீற்று, அவருடைய துண்டின் நிழல். புதருக்குள் நிற்பவருக்குத் தண்ணீரில் நிழல் ஏது? அவர் பனைக்கு வெகுதூரம் பின்னால், தண்ணீருக்குள் நின்றிருக்கிறார்.

"ஏழுமலை! அங்க இல்லடா! தண்ணியில எறங்கு, நேரா போ!"

அவன் நின்றான். "அக்கா, அது அவங்க வூட்டு ஆளு. எங்க குந்துவாருன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"எப்பவும் எங்க குந்துவாருன்னு அவங்களுக்குத் தெரியும். இன்னிக்கு எங்க நின்னாருன்னு இதுல கீது. எறங்குடா!"

இத்தனை வருடத்தில் அவன் என்னோடு சண்டை போடாத நாள் இல்லை. அன்றைக்குப் போடவில்லை. ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தான், கரையிலிருந்து சரிந்து தண்ணீரில் இறங்கினான். "நீயும் வாக்கா, ஜல்தி!"

"நான் வரல. நான் இங்கதான் நிப்பேன். திரும்பித் திரும்பி என்னப் பாத்துக்கினே போ."

பாதிக் கரை ஓடியிருந்த அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார். ஏழுமலை தண்ணீரில் இறங்குகிறான், நான் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறேன். அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

"ஏம்மா, இங்க ஒரு உசுரு போவுது, நீ போட்டோ புடிச்சிக்கினு நிக்கிறியே! உன் மனசு இன்னா கல்லா?"

சுருக்கென்றது. இன்றைக்கும் அந்தக் குரல் எனக்கு அப்படியே கேட்கிறது. விளக்கிச் சொல்ல நேரம் இல்லை, சொன்னாலும் அந்த நேரத்தில் அவர் காதில் ஏறியிருக்காது. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன், டவர் இல்லை. போனைக் கரையில் போட்டுவிட்டுக் கண்ணைக் கேமராவில் வைத்தேன்.

கேமரா திசையைச் சொல்லும், தூரத்தைச் சொல்லாது. பனையை உரசிக்கொண்டு போகிற அந்த ஒரு கோட்டில்தான் அவர் எங்கேயோ கிடக்கிறார். எவ்வளவு தூரத்தில் என்று எனக்குத் தெரியாது. ஏழுமலை அந்தக் கோட்டைவிட்டு விலகாமல் போய்க்கொண்டே இருந்தால் எப்படியும் தட்டுப்படுவார். ஆனால் கோரைக்குள் இறங்கியவனுக்குக் கோடும் தெரியாது, ஒன்றும் தெரியாது. நெஞ்சளவுக்குக் கோரை, காலுக்குக் கீழே சேறு. வெளிச்சத்தைத் திருப்பிவிடப் பையில் வைத்திருந்த ரிஃப்ளெக்டர் துணியை விரித்து, வெள்ளைப் பக்கத்தை அவனுக்குக் காட்டி, வலது கையில் தூக்கினேன். அவன் வலது பக்கம் நகர்ந்தான். இடது கைக்கு மாற்றினேன். இடது பக்கம் வந்தான். என்ன, எதற்கு என்று கேட்கவில்லை. மேளம் இல்லாத மண்டபத்தில் வேலை பார்க்கிற மாதிரி இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவன் சட்டென்று இடது பக்கம் ஒடித்து, வேகமாகப் போகத் தொடங்கினான். எருமையைப் பார்த்துவிட்டான். நானும் கேமராவில் பார்த்தேன். எருமை கருவேலமரத்துப் பக்கமாக நகர்ந்து மேய்ந்துகொண்டிருந்தது. எருமை இருக்கிற இடத்தில்தானே மேய்க்கிறவரும் இருப்பார்? ஒரு நொடி நானும் அப்படித்தான் நினைத்துவிட்டேன். இதைத்தான் நீங்கள் முக்கியமாக யோசிக்க வேண்டும். எருமை நடக்கும். விழுந்தவர் நடக்க மாட்டார். படத்தில் எருமை தலை குனிந்து நின்ற இடம் வேறு, இப்போது நிற்கிற இடம் வேறு. நான் ரிஃப்ளெக்டரை வலது பக்கம் ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். அவன் எருமையைக் கைகாட்டினான். நான் மறுபடி வலது பக்கம் ஆட்டினேன். அவன் இரண்டு கையையும் விரித்தான். அவன் என்ன கத்தியிருப்பான் என்று எனக்குத் தெரியும், அதை இங்கே எழுத முடியாது. ஆனால் வலது பக்கம் திரும்பினான்.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணும் எப்போதோ தண்ணீரில் இறங்கியிருந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விழுந்து எழுந்து, ஏழுமலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். நடுவில் ஓரிடத்தில் நின்றார். பனையைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி ஏழுமலை பின்னால் போனார்.

திடீரென்று லென்ஸில் ஏழுமலையைக் காணவில்லை. கோரை மட்டும் ஆடியது. குனிந்திருக்கிறான் என்று புரிய எனக்கு ஒரு யுகம் ஆயிற்று. பிறகு அவன் தலையும் தோளும் தெரிந்தன. கையில் எதையோ அணைத்துத் தூக்கிப் பிடித்திருந்தான். பச்சைத் துண்டு இல்லை, நரைத்த தலை ஒன்று சேறாக அவன் நெஞ்சில் சாய்ந்திருந்தது. நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் சேர்த்துக் காட்டினேன், நில் என்கிற சைகை. எதற்குக் காட்டினேன் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உசிர் இருக்கிறதா என்று கேட்பதற்கு எங்களிடம் சைகை இல்லை. இருந்திருந்தாலும் பதில் சொல்ல அவனுக்கு ஒரு கை மிச்சமில்லை.

அந்தப் பெண் போய்ச் சேர்ந்தார். மண்டியிட்டார். முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்து அந்த மனிதரின் கைக்குள் திணித்தார். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுப்பார்களே, வீட்டுச் சாவியாக இருக்கும். அதிலிருந்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெண் குனிந்தே இருந்தார். ஏழுமலை அசையவில்லை. நான் கேமராவைக் கட்டிக்கொண்டு, முருகா, முருகா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். மில்காரர் பரணில் போட்டு வைத்திருக்கிற அத்தனை முருகரையும் கூப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் அந்தப் பெண் நிமிர்ந்தார். கையை ஓங்கி, புருசனின் தோளில் பளாரென்று ஓர் அடி வைத்தார். சத்தம் கேட்கவில்லை, அவ்வளவு தூரம். மறுபடி ஓர் அடி. கையை நீட்டி நீட்டித் திட்டுகிறார். செத்தவரை யாரும் அப்படித் திட்ட மாட்டார்கள். எனக்குக் கண் மறைத்துவிட்டது. லென்ஸில் பனி படர்ந்துவிட்டதோ என்று துடைத்தேன். லென்ஸ் சுத்தமாகத்தான் இருந்தது.

கோவிந்தன் ஒரு மண்மேட்டின் விளிம்பில் விழுந்திருந்தார். முகம் பாதி சேற்றில், மூக்கு தண்ணீருக்கு மேலே. வலிப்பு நின்று மயங்கிக் கிடந்திருக்கிறார். காற்றில் தண்ணீர் கொஞ்சம் அலம்பினாலும், அவர் கொஞ்சம் புரண்டிருந்தாலும் கதை வேறு. ஏழுமலை தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தபோது அவருக்கு அரைகுறையாக நினைவு வந்திருந்தது. முதலில் கேட்டது எருமையைத்தான்.

"எருமைக்கு இன்னா? அது நல்லா கீது. அதுக்கு கீற அறிவுல பாதி உனக்கு இருந்தா நான் ஏன் இப்படி லோல்படப் போறேன்?" என்றார் அந்தப் பெண். அவர் பெயர் அஞ்சலை என்பதையே அதற்குப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

திண்டிவனத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்னியை ஏழுமலை ஓட்டிய ஓட்டத்தை நான் சொன்னால் அவன் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள். பின் சீட்டில் கோவிந்தன் படுத்திருந்தார், தலை அஞ்சலையின் மடியில். இடமில்லாமல் நான் ட்ரைபாடோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். மூன்று பேர் மேலும் சேறு. வழியில் ஒரு டீக்கடை வெளிச்சத்தில் கோவிந்தன் முகத்தைப் பார்த்தேன், மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அஞ்சலை என் மணிக்கட்டைப் பிடித்தார். நன்றி சொல்லப்போகிறார், நாமும் பரவாயில்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"கல்லு மனசான்னு கேட்டுட்டேன்."

"பரவாயில்லம்மா. யாரா இருந்தாலும் அப்படித்தான் கேப்பாங்க."

"அதுக்கில்லம்மா. எனக்கு நடுவுல மனசு வுட்டுப்போச்சி. அவரு பனமரத்தாண்ட கீறாரு, இவங்க பேச்சக் கேட்டுக்கினு நான் எங்கியோ போறேனேன்னு. திரும்பிப் பாத்தேன். நீ அங்கியே நின்னுக்கினு இருந்த. கொஞ்சங்கூட அசையல. இந்தம்மாவுக்கு நிச்சயமாத் தெரியும், அதான் இப்படி நிக்கிதுன்னு நெனச்சேன். நீ ஒரு அடி அசஞ்சிருந்தா நான் அந்தாண்ட போயிருப்பேன், இந்தத் தம்பியையும் கூப்ட்டுக்கினு போயிருப்பேன்."

 ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவர் என் கையை விடவில்லை.

எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அந்தத் தண்ணீர்க் கோடு தண்ணீர்தானா, வெறும் வெயில் பட்ட புல்லா என்று நான் நின்ற நேரம் முழுக்கச் சந்தேகம் இருந்தது. நான் தப்பாகச் சொல்லி, அவர் பனையடியிலேயே கிடந்து போய்விட்டால், அந்த அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்து நினைத்து என் கால் இரண்டும் வெடவெடவென்று ஆடின. கீழே விழாமல் இருக்கத்தான் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு நின்றேன். அவ்வளவு தூரத்திலிருந்து அவருக்கு அது தெரியவில்லை. வேனில் அவரிடம் நான் அதைச் சொல்லவும் இல்லை. உங்களிடம்தான் முதல்முறையாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒருநாள் நீங்களும் அப்படி நிற்க வேண்டி வரும், அப்போது உங்கள் காலும் ஆடும்.